கீச்சிடும் கொம்பியூட்டரும் காணாமல் போன எர்த் வயரும்

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில் உள்ள ஒட்டுசுட்டானில் கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்து, வீட்டிலேயே எடிட் செய்து கொடுக்கிறார் ஒரு தம்பி. அவர் தானே பூட்டிய மேசைக் கொம்பியூட்டரில் வந்த இரைச்சலைப் பற்றிய குறிப்பு இது. கேசிங், மதர்போர்ட், ஐ5 ப்ரொசெசர், 120 வாட் இழுக்கும் கிராபிக்ஸ் கார்ட் எல்லாம் பாவித்த பொருட்கள். எஸ்எஸ்டியும் ராமும் மட்டும் புதிது. வேகத்தில் எந்தக் குறையும் இல்லை. குறை சத்தத்தில்தான். ஒரு கடையில் பவர் சப்ளையை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். இரைச்சல் போகவில்லை. இன்னொரு இடத்தில் கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொன்னார்கள். அதற்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் எனக்கு போன் எடுத்தார்.

"அண்ணை, மெசின் இரையுது."

இப்படி ஒரு வரியில் சொன்னால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஃபேன் உரசினாலும் இரைச்சல்தான், மின்சுருள் கீச்சிட்டாலும் இரைச்சல்தான், ஸ்பீக்கரில் ஊங்காரம் வந்தாலும் இரைச்சல்தான். எங்கே இருந்து வருகுது, எப்போது வருகுது, பதிவு செய்த குரலிலும் கேட்குதா என்று கேட்டேன். அவருடைய பதில் இது: "சும்மா நிக்கேக்க ஒண்டும் இல்லை அண்ணை. கேம் திறந்தா பெட்டிக்குள்ள கீச்செண்டும். மவுஸை அசைச்சா ஸ்பீக்கருக்குள்ள கிறுகிறுக்கும். மைக்கில கதைச்சுப் பதிஞ்சா அதிலயும் ஒரு ஊளை." ஒரே மூச்சில் அவர் மூன்று நோய்களைச் சொல்லிவிட்டார். அதுவரை அவரும் கடைக்காரர்களும் அதை ஒன்றாகவே எடுத்து, ஒரே ஒரு குற்றவாளியைத் தேடியிருக்கிறார்கள்.

பெட்டிக்குள் வந்த கீச்சு

முதலில் ஸ்பீக்கரின் பிளக்கையே கழற்றி வைத்துவிட்டு மெசினைப் போட்டோம். அவர் ஓய்வு நேரத்தில் விளையாடும் கேமைத் திறந்ததும் மெல்லிய, கூர்மையான கீச்சு. ஆக, ஒன்றாவது உண்மையிலேயே கேசிங்குக்குள் பிறக்கிறது. இடத்தைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. வயரிங் வேலைக்குப் பாவிக்கும் பிவிசி குழாயில் ஒரு முழத் துண்டை ஒரு முனை காதிலும் மறுமுனை பாகங்களுக்கு அருகிலும் பிடித்தால் போதும். குழாய் எதையும் தொடக்கூடாது, ஃபேனுக்குள் போகவும் கூடாது. பவர் சப்ளையின் பக்கம் அமைதி, ப்ரொசெசரைச் சுற்றி அமைதி, கிராபிக்ஸ் கார்டின் பின்முனையில் தெளிவான கீச்சு. ஃபேனா என்ற சந்தேகம் வந்தால், அதன் நடுக்குமிழை மரக்குச்சியால் ஒரு நொடி தடுத்துப் பார்க்கலாம். நாங்கள் தடுத்தபோதும் சத்தம் மாறவில்லை.

இது ஏன் வருகிறது? கிராபிக்ஸ் சிப்புக்கு வேண்டியது ஏறத்தாழ ஒரு வோல்ட். பவர் சப்ளை அனுப்புவதோ 12 வோல்ட். நடுவில் நின்று அதை இறக்கிக் கொடுக்க ஒரு சுற்று இருக்கிறது. அதன் பாகங்கள்தான் கார்டில் வரிசையாக இருக்கும் சதுரக் கட்டிகள். உள்ளே செம்புச் சுருளும் காந்த உள்ளகமும் இருக்கும். சிப் முழு வேகத்தில் ஓடும்போது அந்த ஒரு வோல்ட்டில் பல பத்து ஆம்பியர் மின்னோட்டம் இவற்றின் வழியே போகிறது. மின்னோட்டம் ஏறி இறங்கும்போது காந்தவிசையும் ஏறி இறங்கும், சுருள் நுண்ணிய அளவில் அதிரும். அருகில் உள்ள செராமிக் கப்பாசிற்றர்களும் (மின்னைத் தேக்கி விடும் சிறு பாகங்கள்) மின்னழுத்தம் மாறும்போது விரிந்து சுருங்கி, அவை ஒட்டப்பட்டிருக்கும் பலகையை அதிரச் செய்யும்.

அந்தச் சுற்று செக்கனுக்குச் சில இலட்சம் தடவை திறந்து மூடுகிறது. மனிதக் காது ஏறத்தாழ 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் கேட்காது என்பதால் அந்த வேகம் நம்மைத் தொந்தரவு செய்வதில்லை. தொந்தரவு செய்வது வேலைப்பளு ஏறி இறங்கும் வேகம். ஒவ்வொரு ஃப்ரேமையும், அதாவது திரையில் ஓடும் ஒவ்வொரு படத்தையும், வரைய சிப் ஒரு தடவை மின்னோட்டத்தை அள்ளி இழுக்கிறது. கேமின் மெனுவில் வரைவதற்குப் பெரிதாக எதுவும் இல்லாததால், கார்ட் கட்டுப்பாடின்றி ஓடி செக்கனுக்கு ஆயிரம் ஃப்ரேமைத் தொட்டுக்கொண்டிருந்தது. செக்கனுக்கு ஆயிரம் இழுப்பு என்றால் ஆயிரம் ஹேர்ட்ஸ். அது காது நன்றாகக் கேட்கும் இடம். அதன் மடங்குகள்தான் மேலே கூர்மையாகக் கீச்சிடுகின்றன. கடுமையான காட்சியில் வராத சத்தம் சும்மா மெனுவில் வருவதை அவர் ஒரு மர்மமாகவே நினைத்திருந்தார்.

ட்ரைவர் அமைப்பில் அதிகபட்ச ஃப்ரேம் அளவை 60 என்று வைத்தோம். அவருடைய மொனிற்றர் காட்டுவதே 60தான், மிச்சம் எல்லாம் வீண். கீச்சு அந்தக் கணமே அடங்கியது. பிறகு கிராபிக்ஸ் கார்டைக் கட்டுப்படுத்தும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில், கார்ட் இழுக்கக்கூடிய பவரின் எல்லையை (பவர் லிமிற்) 80 வீதத்துக்கு இறக்கினோம். வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சூடு குறைந்ததுதான் கண்ட பலன், ஒட்டுசுட்டான் வெயிலுக்கு அதுவே பெரிய இலாபம்.

சுருள்களில் சூட்டுப் பசை விடுவது, நகப்பூச்சு பூசுவது என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இப்போதைய சுருள்களில் பெரும்பாலானவை முழுக்க வார்த்து மூடப்பட்டவை, பசை வெளியே நிற்குமே தவிர உள்ளே போகாது. பவர் சப்ளையைத் திறந்து இதைச் செய்யப் பார்ப்பது இன்னும் மோசம். 230 வோல்ட்டை நேர்மின்னாக்கினாலே ஏறத்தாழ 325 வோல்ட் வரும். பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கவைக்கும் சுற்று) உள்ள பவர் சப்ளைகளில் முதன்மைக் கப்பாசிற்றரில் 400 வோல்ட்டுக்குக் கிட்ட நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும்.

ஸ்பீக்கருக்குள் கேட்டது

இதுதான் அவரை உண்மையில் வேலை செய்யவிடாமல் வைத்தது. நாதஸ்வரமும் மேளமும் சரியாகப் பொருந்துகிறதா என்று கேட்டுக் கேட்டு வெட்டுகிறவருக்கு, இடையில் இருக்கும் மௌனத்தில் கிறுகிறுப்பு வந்தால் எரிச்சல்தான். மவுஸை அசைத்தால் கிறுகிறு, ஃபைலைப் பிரதி எடுத்தால் வேறொரு தாளம், கீழே நிரந்தரமாக ஒரு ஊங்காரம். போனில் ஒலியலைகளைக் கோடுகளாகக் காட்டும் ஆப் ஒன்றை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தபோது 50, 100, 150 ஹேர்ட்ஸில் கோடுகள் எழுந்து நின்றன. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஆகவே அந்த ஊங்காரம் சுவரிலிருந்து வருகிறது, மேலே ஆடும் கிறுகிறுப்பு கொம்பியூட்டருக்குள்ளிருந்து வருகிறது.

அடுத்தது கழித்துப் பார்ப்பது. ஸ்பீக்கரைக் கொம்பியூட்டரிலிருந்து கழற்றி, அதே வயரைப் போனில் செருகிப் பாட்டுப் போட்டோம். சுத்தம். கொம்பியூட்டரின் பின்பக்கத் துளையில் ஹெட்போனைச் செருகிக் கேட்டோம். அதுவும் சுத்தம். ஸ்பீக்கரிலும் பழுதில்லை, மதர்போர்டின் சவுண்ட் சிப்பிலும் பழுதில்லை. இரண்டையும் ஓடியோ வயரால் இணைக்கும்போது மட்டும் சத்தம் வருகிறது. பாகங்களை மாற்றிப் பார்க்கும் வழக்கத்தில் இந்த இடம் தவறிப்போகும், ஏனென்றால் பழுதான பாகம் என்று ஒன்று இல்லை.

வழி காட்டியது அவருடைய அம்மா. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, நாங்கள் கேசிங்கைத் திறந்து வைத்திருப்பதைப் பார்த்துச் சொன்னார்: "கவனம் தம்பி, முந்தி அதைத் துடைக்கேக்க கை விறுவிறுக்கும். இந்த ஸ்பீக்கர் வந்தாப் பிறகு இல்லை." மகனிடம் கேட்டேன், இரைச்சல் எப்போது தொடங்கியது என்று. ஸ்பீக்கர் வாங்கிய பிறகுதான். விறுவிறுப்பு நின்ற நாளும் இரைச்சல் தொடங்கிய நாளும் ஒன்று.

மல்டிமீற்றரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கேசிங்கின் பூச்சில்லாத திருகாணியிலும் மறுமுனையைச் சுவர்ப் பிளக்கின் எர்த்திலும் வைத்தேன். ஓடியோ வயர் கழன்றிருக்கும்போது நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிந்தது. ஓடியோ வயரைச் செருகியதும் மீற்றர் கிட்டத்தட்டப் பூச்சியம். அந்த மெல்லிய ஓடியோ வயர்தான் அத்தனை நாளும் கொம்பியூட்டருக்கு எர்த் வயராக இருந்திருக்கிறது.

நடந்தது இதுதான். கொம்பியூட்டர் பவர் சப்ளையின் வாசலில் பொதுவாக ஒரு வடிகட்டி இருக்கும். அதில் லைவிலிருந்து கேசிங்குக்கு ஒரு சிறு கப்பாசிற்றர், நியூட்ரலிலிருந்து கேசிங்குக்கு இன்னொன்று. உள்ளே பிறக்கும் உயர் அதிர்வெண் குப்பையை எர்த்துக்குத் தள்ளுவது அவற்றின் வேலை. எர்த் இணைக்கப்பட்டிருந்தால் ஒரு சிறு கசிவு நிலத்துக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. எர்த் இல்லையென்றால் இரண்டு கப்பாசிற்றர்களும் 230ஐ நடுவில் பிரித்து, கேசிங்கை 115 வோல்ட்டில் மிதக்கவிடும். 4.7 நானோஃபாரட் கப்பாசிற்றர் ஒன்றின் வழியே 230 வோல்ட்டில் போகும் மின்னோட்டம் ஏறத்தாழ 0.34 மில்லியாம்பியர். ஆளைக் கொல்லாது, ஆனால் புறங்கையால் இலேசாகத் தடவினால் விறுவிறுக்கும். எச்டிஎம்ஐ வயரால் இணைந்த மொனிற்றரின் கசிவும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

புதிய ஸ்பீக்கருக்கு மூன்று பின் பிளக். அதை அவர் நேராகச் சுவரில் செருகியிருந்தார், அங்கே எர்த் இருந்தது. கொம்பியூட்டரும் மொனிற்றரும் மேசைக்குக் கீழே ஒரு மல்டி பிளக்கில். ஆகவே கொம்பியூட்டரின் கசிவும் குப்பையும் முழுவதும் ஓடியோ வயரின் உள்ளிழையைச் சுற்றி இருக்கும் வெளிவலை வழியாக ஸ்பீக்கருக்குப் போய், அங்கிருந்து எர்த்துக்கு இறங்கின. அந்த வெளிவலைதான் ஓடியோ சைகைக்கும் அடிப்படை. அதில் கசிவு ஓடினால், அதன் தடையில் விழும் சிறு மின்னழுத்தம் பாட்டோடு சேர்ந்து பெருக்கப்படும். மவுஸை அசைக்கும்போது ப்ரொசெசர் விழித்தெழுகிறது, இழுப்பு மாறுகிறது, குப்பையின் தாளமும் மாறுகிறது.

மல்டி பிளக்கைத் திறந்தபோது சந்தேகம் தீர்ந்தது. முகப்பில் மூன்று துளைகள், எந்த வகைப் பிளக்கும் போகும். உள்ளே லைவுக்கும் நியூட்ரலுக்கும் மட்டும் பித்தளைத் தகடுகள். எர்த் துளைக்குப் பின்னால் தகடே இல்லை, வெறும் பிளாஸ்டிக் குழி. வயரிலும் இரண்டு இழைதான். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு மூன்று பின் பிளக் ஒழுங்காகச் செருகி இருப்பதுபோலவே தெரியும்.

வன்னியில் இது அபூர்வம் இல்லை. 1990களில் மின்கம்பியில் கரண்ட் இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர்கள் இவை. மீள்குடியேறிய பிறகு எழுந்த வீடுகளில் பலவற்றில் காசு வரவர, அறை அறையாகத்தான் வயரிங் ஏறியது. முதலில் ஒரு லைற்றும் ஒரு பிளக்கும். பிறகு ரிவிக்கு ஒன்று, ஃபிரிட்ஜுக்கு ஒன்று. போதாத இடத்துக்கு மல்டி பிளக். வட்டப் பின்னும் சதுரப் பின்னும் ஒரே வீட்டில் கலந்து கிடக்கும். எர்த் துளைக்குள் பேனை மூடியைக் குத்தி இரண்டு பின் பிளக்கைச் செருகாத வீடு எங்கே இருக்கிறது?

முள்ளியவளையில் இருந்து, மூன்று இழை வயரும் எர்த் தகடும் உள்ள 13 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் ஒன்று வாங்கினோம். செருகுமுன் பிளக்கின் எர்த் பின்னுக்கும் ஒவ்வொரு எர்த் துளைக்கும் இடையில் மீற்றரால் தொடர்ச்சி பார்த்தேன். விலை கூடிய எக்ஸ்டென்ஷனிலும் இதைப் பார்க்காமல் விடுவதில்லை. கொம்பியூட்டரை அதற்கு மாற்றியதும் கிறுகிறுப்பு போய்விட்டது. ஆனால் கூர்ந்து கேட்டால் மெல்லிய ஊங்காரம் இன்னும் இருந்தது. இப்போது எர்த் இரண்டு பக்கமும் இருக்கிறது: ஸ்பீக்கர் ஒரு சுவரில், கொம்பியூட்டர் மறுசுவரில். இரண்டு எர்த் வயரும் ஓடியோ வயரும் சேர்ந்து ஒரு பெரிய வளையம். இரண்டு எர்த் முனைகளுக்கும் இடையில் உள்ள சொற்ப வித்தியாசம் அந்த வளையத்தில் ஓடும். ஸ்பீக்கரையும் அதே எக்ஸ்டென்ஷனுக்குக் கொண்டுவந்தோம், வளையம் சுருங்கியது, ஊங்காரம் நின்றது. எல்லாம் சேர்ந்தும் 500 வாட்டைத் தாண்டாது, 13 ஆம்பியர் பிளக் ஏறத்தாழ 3000 வாட் தாங்கும் என்பதால் அதில் பயம் இல்லை.

இந்த இடத்தில் சிலர் சொல்லும் இரண்டு குறுக்குவழிகள் உண்டு. ஒன்று, ஸ்பீக்கர் பிளக்கின் எர்த்தைக் கழற்றிவிடுவது. இன்னொன்று, ஓடியோ வயரின் நடுவில், கம்பித் தொடர்பைத் துண்டித்துச் சத்தத்தை மட்டும் கடத்தும் சிறு மின்மாற்றி உள்ள ஐசொலேற்றரைப் போடுவது. இரண்டும் சத்தத்தை நிறுத்தும். ஆனால் கொம்பியூட்டர் எர்த் இல்லாத பழைய மல்டி பிளக்கிலேயே இருந்தால், கேசிங்கை மறுபடி 115 வோல்ட்டில் தூக்கி வைக்கும், அம்மாவின் கை மறுபடி விறுவிறுக்கும். ஐசொலேற்றர் கெட்ட பொருள் இல்லை. எர்த் சரியான பிறகும் ஊங்காரம் விடாத இடத்தில் நானே போட்டுக் கொடுப்பேன். எர்த்தைப் பார்க்காமல் முதலில் அதை வாங்கச் சொல்கிறவரிடம் மட்டும் நான் சண்டைக்கே போவேன்.

வெளியே போய்ப் பார்த்தது

சுவர்ப் பிளக்கின் எர்த் எங்கே போய் இறங்குகிறது என்றும் பார்க்க வேண்டியிருந்தது. இலங்கையில் வீடுகளுக்கு மின்கம்பத்திலிருந்து எர்த் வருவதில்லை, ஒவ்வொரு வீடும் தன் வளவில் ஒரு எர்த் றொட், அதாவது நிலத்துக்குள் இறங்கும் உலோகக் கம்பி, அடித்துக்கொள்ள வேண்டும். இங்கே றொட் குசினிச் சுவரோரம், கிரவல் கலந்த இறுகிய நிலத்தில் நின்றது. வயரைப் பிடித்திருந்த கிளாம்ப் பச்சை பூத்து, கையால் அசைத்தால் ஆடியது.

"ட்ரிப் சுவிட்சின்ர பட்டினை அமத்தினா விழுது அண்ணை, அப்ப எர்த் சரிதானே?" என்று தம்பி கேட்டார். கசிவு வந்தால் கரண்டை வெட்டும் சுவிட்ச் அது. நிறையப் பேர் இப்படித்தான் நம்பியிருக்கிறார்கள். அந்தப் பட்டின் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில், சுவிட்சுக்கு உள்ளேயே ஒரு தடையின் வழியாகக் கசிவை உண்டாக்குகிறது. நிலத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. எர்த் றொட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு அமத்தினாலும் ட்ரிப் விழும். அது சொல்வது சுவிட்ச் வேலை செய்கிறது என்பதை மட்டும்.

வழக்கமான ட்ரிப் சுவிட்ச் 30 மில்லியாம்பியர் கசிவில் விழுவதற்கு அமைந்தது. தொடக்கூடிய உலோகம் 50 வோல்ட்டைத் தாண்டாமல் அது விழ வேண்டுமானால், எர்த் தடை 1667 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கணக்கு வரும். அது மிகத் தாராளமான எல்லை, நல்ல றொட் அதற்கு வெகு கீழே நிற்கும். ஆனால் கோடையில் கச்சான் காற்று அடித்து நிலம் காய்ந்து கிடக்கும் மாதங்களில், ஆடும் கிளாம்பையும் கட்டாந்தரையையும் நம்பி அந்தக் கணக்கில் நிற்க எனக்கு மனம் வரவில்லை. நான் கொம்பியூட்டர்காரன், இது என் வேலை இல்லை. எலக்ட்ரீசியன் ஒருவர் வந்து புதிய கிளாம்ப் போட்டு, எர்த் தடை அளக்கும் மீற்றரால் பார்த்துவிட்டு, குளியல் தண்ணீர் ஓடும் பக்கமாக இரண்டாவது றொட் ஒன்றும் அடித்துக் கொடுத்தார்.

மைக்கும் யூபிஎஸ்ஸும்

மைக்கில் வந்த ஊளை, எர்த் சரியானதும் பாதி போய்விட்டது. மிச்சம் வேறு விஷயம். மைக்கை அவர் கேசிங்கின் முன்பக்கத் துளையில் செருகுவார். அந்தத் துளையிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய வயர், கிராபிக்ஸ் கார்டின் மேலேயே படுத்து, அதன் பவர் வயரோடு கட்டுப்பட்டிருந்தது. அதைப் பிரித்துக் கேசிங்கின் அடியோடு கொண்டுபோனோம். விண்டோஸில் மைக்கின் சத்தத்தைக் கூட்டும் மைக் பூஸ்ட் 30 டெசிபெல்லில் நின்றது, 10க்கு இறக்கி, மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுவரச் சொன்னேன். இதற்குப் பிறகும் கேட்டால் யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்று போடலாம் என்று சொல்லி வைத்தேன், தேவைப்படவில்லை.

கரண்ட் போகும்போது பவர் சப்ளை உறுமுவதாகவும் சொன்னார். அது பழுதில்லை. அவருடைய யூபிஎஸ் பற்றரிக்கு மாறியதும் வழுவழுப்பான அலையைக் கொடுக்காமல் படிப்படியான சதுர அலையைக் கொடுக்கிறது. பிஎஃப்சி உள்ள பவர் சப்ளைகளில் பல அந்தப் படிகளில் உறுமும். வேலையைச் சேமித்து நிறுத்துவதற்குத்தானே யூபிஎஸ், அந்த நேரத்துக்கு உறுமட்டும். பின்னேரத்தில் வோல்ட் இறங்குவதால்தான் இதெல்லாம் வருகிறது என்று அயலவர் ஒருவர் சொல்லியிருந்தார். அளந்தபோது 212 இருந்தது. அவருடைய பவர் சப்ளை 100 முதல் 240 வரை வாங்கக்கூடியது, ஆகவே அந்தக் கதையை விட்டுவிட்டோம்.

இப்போது மிச்சமிருப்பது ஒன்றுதான். நீளமான வீடியோவை ரெண்டர் போடும்போது கிராபிக்ஸ் கார்ட் முழுப் பளுவில் மெல்லக் கீச்சிடும், காதைக் கிட்ட வைத்தால் கேட்கும். அதற்காகக் கார்டை மாற்ற வேண்டாம் என்று சொன்னேன். அவர் சேர்த்து வைத்திருந்த காசு கமரா லென்ஸுக்குப் போயிற்று. முன்பு கழற்றிய பவர் சப்ளையை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. அது இப்போது தங்கச்சியின் கொம்பியூட்டரில், எர்த் உள்ள எக்ஸ்டென்ஷனில் ஓடுகிறது.